இடுப்பு முடிச்சும் இறகுப் பந்தும்

“நிறுத்திவிடலாமா, அண்ணே?”

இரண்டே சொற்கள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார் தோழர்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், லேத் பட்டறையில் டர்னர் வேலை பார்ப்பவர் அவர். இரும்பைச் சுழலவிட்டு இழை இழையாகச் சீவித் தள்ளும் கை அவருடையது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்து வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்றபோது, கட்டிலையும் பீரோவையும் தண்ணீருக்குத் தாரை வார்த்துவிட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “போனது பொருள்தானே அண்ணே, புள்ள பிழைச்சிடுச்சு” என்று சிரித்த முகம் அது. அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது 11 வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கேள்வி. படிப்பை நிறுத்துவது பற்றியல்ல, ஆட்டத்தை நிறுத்துவது பற்றி.

இறகுப் பந்து ஆடுகிறாள் அந்தப் பெண். ஆடுகிறாள் என்றால், மொட்டை மாடியில் மாலை நேரத்துப் பொழுதுபோக்கு அல்ல. மாவட்டப் போட்டியில் 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அரையிறுதிவரை சென்றவள். தன்னைவிட ஒரு முழம் உயரமான பெண்களைப் பின்கோட்டுக்கு விரட்டி, வலையோரம் பந்தைப் பூப்போல உதிர்த்துவிட்டு வருபவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே போய்ப் பார்த்தோம். ஆட்டம் நமக்குப் புரிந்ததோ இல்லையோ, அவள் கண் புரிந்தது.

தோழர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். மகளின் பழைய கணக்கு நோட்டு. அதன் கடைசிப் பக்கங்களில் தந்தையின் கணக்கு. “படிச்சுப் பாருங்கண்ணே” என்றார். படித்தோம். படித்ததை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம். இது ஒரு வீட்டுக் கணக்கு மட்டுமல்ல. நாட்டில் பல்லாயிரம் வீட்டுக் கணக்கு.

பிடித்தம் போகத் தோழரின் கைக்கு வருவது 22,000 ரூபாய். துணைவியார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்து குனிந்து ஈட்டுவது 11,000. ஆக 33,000. வாடகையும் மின்கட்டணமும் 9,000. மளிகை, பால், எரிவாயு 9,500. இரு பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வேன் கட்டணம் 4,000. தாயாரின் சர்க்கரை நோய் மருந்து 1,800. இருசக்கர வண்டிக்குப் பெட்ரோல் 2,000. சீட்டுப் பணம் 3,000. மிச்சம் 3,700 ரூபாய். அதற்குள்தான் துணிமணி, தீபாவளி, பொங்கல், காய்ச்சல், கல்யாண மொய், கைப்பேசிக் கட்டணம் எல்லாம்!

அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். தலைப்பில் மகள் பெயர். அகாடமிக் கட்டணம் மாதம் 3,000. பந்துச் செலவில் அவள் பங்கு 1,200. மட்டை நரம்பு அறுந்தால் மாற்ற 400. ஆக 4,600. மிச்சம் 3,700, தேவை 4,600. மாதந்தோறும் 900 ரூபாய் பள்ளம்! ஆறு மாதத்தில் தேய்ந்துபோகும் காலணி இந்தப் பக்கத்தில் இல்லை. அதற்குத் தனிப் பக்கம்.

அதற்கும் அடுத்த பக்கம்தான் நம்மை அசைத்தது. “சேலம் போட்டி” என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். நுழைவுக் கட்டணம் 800. அப்பாவும் மகளும் போய்வரப் பேருந்து 1,400. ஒரு நாள் லாட்ஜ் 900. சாப்பாடு 700. மொத்தம் 3,800 என்று கூட்டியிருந்தார். “தோழரே, ஒன்றை விட்டுவிட்டீரே!” என்றோம். விழித்தார். “இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லையே, அந்தச் சம்பளம்?” பென்சிலை எடுத்து 1,700 என்று எழுதினார். 5,500 ஆயிற்று. முதல் சுற்றிலேயே தோற்றாலும் 5,500; முடிசூடி வந்தாலும் 5,500.

பிள்ளையின் ஆட்டத்துக்கு ஆகும் செலவில் எல்லாவற்றையும் எழுதுவோம். அப்பனின் போன கூலியையும், அம்மாவின் போன தூக்கத்தையும் மட்டும் எழுதமாட்டோம். பணக்காரர் வீட்டில் பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துச் செல்ல டிரைவர் இருக்கிறார். பாட்டாளி வீட்டில் டிரைவரும் அவரே, மேலாளரும் அவரே, மசாஜ் செய்பவரும் அவரே. திங்கட்கிழமை காலை மேஸ்திரியின் முன் கைகட்டி நிற்பவரும் அவரே!

பந்துக்கு மாதம் 1,200 ரூபாயா என்று வியக்கிற தோழர்கள் இருப்பீர்கள். நாமும் வியந்தோம். ஒரு பந்தை எடுத்துத் தோழர் நம் உள்ளங்கையில் வைத்தார். எடையே தெரியவில்லை. விதிப்படி 4.74 கிராமுக்குக் குறையக்கூடாது, 5.50 கிராமுக்கு மிகக்கூடாது. கணக்காகப் 16 இறகுகள். வாத்தின் இறகு, அல்லது பெருவாத்தின் இறகு. உயர்ந்த தரப் பந்துக்கு ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்த இறகுகளே வேண்டும். இடமும் வலமும் கலந்தால் பந்து நேராகச் சுழலாதாம். நல்ல ஆட்டக்காரர் இருவர் மோதினால் ஒரே ஆட்டத்தில் பல பந்துகள் ஒடியும். ஒடிந்தால் குப்பை. ஒரு குழல் பந்து ஆயிரத்துக்குக் குறைவில்லை. போட்டித் தரம் என்றால் இரண்டாயிரம், மூவாயிரம்.

இறகின் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருகிறது. இறகுக்காக வாத்து வளர்ப்பவர் இல்லை. கறிக்காக வளர்க்கிறார்கள், இறகு துணை வரும்படி. அங்கே பன்றிக்கறி மலிந்து வாத்துக்கறிக்கு மவுசு குறைந்தது, வளர்ப்பு குறைந்தது, இறகும் குறைந்தது, பந்து விலை உலகெங்கும் ஏறியது என்று 2025ஆம் ஆண்டு ஏடுகள் எழுதின. சீனத்துச் சமையலறையில் வாத்துக்கறி குறைந்தால், அம்பத்தூர்ச் சமையலறையில் துவரம்பருப்பு குறைகிறது! பொருளாதாரம் என்றால் என்னவென்று கல்லூரியில் படித்தறியாத நமக்கு, ஒரு பந்து பாடம் நடத்திவிட்டது. விளையாட்டுப் பொருள்கள் மீதிருந்த சரக்கு சேவை வரியை 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைத்தார்கள். குறைத்தது நல்லதே. ஆனால் ஏற்றம் யானையளவு, இறக்கம் எலியளவு என்கிறார் தோழர்.

“அப்படியானால் பூப்பந்து ஆடச் சொல்லலாமே!” என்றார் நம்மோடு இருந்த முதியவர் ஒருவர். தஞ்சைத் தரணி தந்த ஆட்டம் அது. 1856 வாக்கில் தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதாக அதன் வரலாறு சொல்லும். அரண்மனையில் பிறந்தாலும் ஆலமரத்தடிக்கு வந்துவிட்ட ஆட்டம். மஞ்சள் கம்பளிப் பந்து, ஒடியாது. பக்கத்துக்கு ஐவர், கட்டாந்தரை போதும். ரயில்வேயிலும் வங்கியிலும் அந்த மட்டையைப் பிடித்தே வேலைக்குப் போனவர்கள் உண்டு. முதியவரே அந்தக் காலத்தில் பெரம்பூர்ப் பக்கம் பெயர் பெற்ற பின்வரிசைக்காரர். ஆனால் ஒலிம்பிக்கில் இல்லை. ஆகவே பெரிய பணமும் பெரிய அரங்கமும் அதன் பக்கம் திரும்புவதில்லை. அந்தப் பெண்ணின் மனமோ இறகின் மேல். எந்த ஆட்டத்தின் மேல் பிள்ளைக்கு ஆசை வரவேண்டும் என்று சம்பளச் சீட்டைப் பார்த்தா முடிவு செய்வது?

இதற்கிடையே ஊரிலிருந்து மாமா ஒருவர் வந்திருந்தாராம். கணக்கைக் கேட்டாராம். கணத்தில் தீர்ப்பும் சொன்னாராம்: “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மாப்ள மட்டையும் பந்தும்? அந்தக் காசுல பையனைக் கிரிக்கெட்டுல சேர்த்துவிடு. நாளைக்கு நடராசன் மாதிரி வருவான்!”

மாமாவின் கணக்கைப் பார்த்தீர்களா? மகனுக்குச் செலவழித்தால் முதலீடு, மகளுக்குச் செலவழித்தால் வீண்! பையனுக்கு வயது 8. இன்னும் மட்டையைப் பிடிக்கவே இல்லை. மகள் மாவட்டத்தின் அரையிறுதி வரை போய்வந்துவிட்டாள். கையிலிருக்கும் கனியைக் கீழே போட்டுவிட்டுக் காய்க்காத மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார், மரம் ஆண் மரம் என்பதால்! பத்துப் பொதுக்கூட்டத்தில் பெண்ணுரிமை பற்றிக் கேட்டுக் கை தட்டிய தோழர்கள் வீட்டிலும், பற்றாக்குறை வந்ததும் முதல் கத்தரி எங்கே விழுகிறது? மகளின் செலவில்தானே! வெட்கத்தோடு இதை எழுதுகிறோம், வேறு யாருக்காகவும் அல்ல, நமக்காகவே.

நடராசன் பெயரை மாமா இழுத்தாரே, இழுத்தது நல்லதாயிற்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. தந்தை தறிக்கூலி. தாய் தெருவோரம் கோழிக்கறிக் கடை. டென்னிஸ் பந்தில் பழகிய அந்தப் பிள்ளை 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். வென்ற பின் அவர் செய்ததுதான் நம்மைக் கவர்ந்தது: தன் ஊரிலேயே கிரிக்கெட் திடல் ஒன்றை அமைத்து 2023ஆம் ஆண்டு திறந்தார். தான் பட்ட பாட்டை அடுத்த பிள்ளை படக்கூடாதென்று ஒரு தனி மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

அதே சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி மாரியப்பன். ஐந்து வயதில் பேருந்து ஏறி ஒரு கால் ஊனமானது. தாய் சரோஜா காய்கறி விற்று வளர்த்த பிள்ளை. 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் பெற்று வந்தார். அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. காஞ்சிபுரத்துக் கூலித் தொழிலாளியின் மகள் துளசிமதி, தந்தையே பயிற்சியாளராக நின்று பழக்க, 2024ஆம் ஆண்டு பாரிசு பாராலிம்பிக்கில், இதே இறகுப் பந்தில் வெள்ளி வென்றார். மனம் நிறைகிறது. கை வலிக்கத் தட்டுகிறோம்.

ஆனால் கைதட்டி முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் கோடி எப்போது வந்தது? பதக்கம் கழுத்தில் விழுந்த பிறகு! அந்தத் தாய் காய்கறிக் கூடையைச் சுமந்தபோது யார் வந்தார்? அந்த ஆட்டோவுக்கு எரிவாயு போடுவதா, மகளுக்கு ஸ்ட்ரைக்கர் வாங்குவதா என்று தந்தை தயங்கியபோது எந்தக் கோடி எட்டிப் பார்த்தது? வென்றவர் மூவரின் பெயர் நமக்குத் தெரியும். 900 ரூபாய்ப் பள்ளத்தில் விழுந்து வெளியே வராமலே போன முந்நூறு பேரின் பெயர் தெரியுமா? மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பெண்ணின் பெயர் எந்த ஏட்டில் வரும்?

சதுரங்கத்தில் உலகத்தை வென்ற குகேசைப் பாருங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 18 வயதில் சீனத்து டிங் லிரனை வீழ்த்தி உலக வாகையர் ஆனார். தமிழக அரசு 5 கோடி ரூபாய் வழங்கியது. அவர் தந்தை காது, மூக்கு, தொண்டை மருத்துவர். தாய் நுண்ணுயிரியல் வல்லுநர். மருத்துவர் வீடு! ஆயினும் மகனோடு நாடு நாடாகச் செல்லத் தந்தை தன் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. தாயின் ஊதியத்தில் குடும்பம் ஓடியது. பெற்றோரின் நண்பர்கள் பணம் கொடுத்துதான் சில காலம் போட்டிகளுக்குச் செல்ல முடிந்தது என்று குகேசே சொல்லியிருக்கிறார். டாக்டர் வீட்டிலேயே இந்தப் பாடு என்றால், டர்னர் வீட்டில்?

நமக்கும் ஒரு கதை உண்டு, சொல்லக் கூச்சம்தான். எட்டாம் வகுப்பில் 400 மீட்டர் ஓட்டத்தில் நாம் பள்ளியிலேயே முதல். வட்டப் போட்டி அடுத்த ஊரில். போக வரப் பேருந்துக்கும் மதியச் சோற்றுக்கும் சேர்த்து 30 ரூபாய் கொண்டுவரச் சொன்னார் ஆசிரியர். வீட்டில் கேட்டோம். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. “நாளைக்குப் பார்க்கலாம்” என்றார். நாளைக்கு என்றால் என்ன பொருள் என்று ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டோம். நமக்குப் பதில் ஓடியவன் மூன்றாவதாக வந்தான். அப்பா கடைசிவரை அந்த வயிற்று வலியை நம்பியதுபோலவே நடந்துகொண்டார். அவர் நம்பவில்லை என்பது நமக்கும் தெரியும்.

ஆகவே தோழர் கேட்ட “நிறுத்திவிடலாமா” என்பதற்கு நாம் உடனே விடை சொல்லவில்லை.

துணைவியார் ஒரு வழி சொன்னாராம்: காதிலிருக்கும் கம்மலை அடகு வைப்பது. அகாடமிக்காரரும் வேறொரு வழி சொன்னாராம்: “ஸ்பெஷல் பேட்ச்ல போடுங்க சார், மாசம் எட்டாயிரம், ரெண்டு வருசத்துல மாநில அணி.” இதைக் கேட்டதும் நாம் எழுந்து உட்கார்ந்தோம். 11 வயதுக் குழந்தை இரண்டு ஆண்டில் எங்கே நிற்பாள் என்று சொல்ல யாரால் முடியும்? உடம்பு வளரும், மனம் மாறும், முழங்கால் வலிக்கும், வேறொரு பெண் வேகமாக வருவாள். தாயின் கம்மல் அடகுக் கடையில் இருக்கும்போது அந்தப் பிள்ளை ஆடுவது ஆட்டமாகவா இருக்கும்? ஒவ்வொரு புள்ளிக்கும் வட்டி ஏறுமே! தோற்றுவிட்டு வந்து அம்மாவின் காதைப் பார்க்கும் பிள்ளையின் நெஞ்சு என்ன ஆகும்? பிள்ளையின் ஆட்டத்துக்காகக் கடன் மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொன்னோம். சீட்டையும் உடைக்க வேண்டாம். ஆடுகிற பிள்ளையைவிட ஆடாத பிள்ளையின் சோற்றில் கை வைக்கவும் வேண்டாம்.

பிறகு நால்வர் உட்கார்ந்து அந்த நோட்டைப் பிரித்துப் போட்டோம். தோழர், துணைவியார், பூப்பந்து முதியவர், நாம். அந்தப் பெண் வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையிடம் பற்றாக்குறையை மறைக்கவேண்டாம், பழியை மட்டும் ஏற்றவேண்டாம் என்று முதியவர்தான் அவளை இருக்கச் சொன்னார்.

அகாடமி வாரம் ஆறு நாள் வேண்டாம், மூன்று நாள். மற்ற மூன்று நாள் மாநகராட்சித் திடலில் ஓட்டம், கயிறு தாண்டல், சுவரில் அடித்துப் பழகுதல். முதியவர் வந்து நிற்பதாகச் சொன்னார். கட்டணம் ஒரு தேநீர். பயிற்சிக்கு நைலான் பந்து. அது இறகைப்போலப் பறக்காது. ஆனால் நெடுநாள் தாங்கும். கால் வேலைக்கும் கை வேலைக்கும் அது போதும், ஆட்டத்துக்கு மட்டும் இறகு என்றார் முதியவர். கல்லூரி முடித்துப்போன ஒரு பெண்ணின் பழைய மட்டை பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. மட்டையை மட்டும் பழையதாக வாங்கலாம், காலணியை ஒருபோதும் பழையதாக வாங்காதீர்; வளரும் கணுக்காலைக் கெடுத்துவிடும். ஆண்டுக்கு எட்டுப் போட்டி என்று அகாடமி கொடுத்த பட்டியலில் மூன்றை வைத்துக்கொண்டு ஐந்தை அடித்தோம். அடிக்கும்போது அவள் முகம் சுருங்கியது. கோவைப் போட்டியின் மேல் பேனா போனபோது “அது வேணும்” என்றாள். வேலூர்ப் போட்டியை அடித்துவிட்டுக் கோவையை வைத்துக்கொண்டோம்.

அரசின் வாசலையும் தட்டவேண்டும். தட்டத் தெரியாமலே பல தோழர்கள் தனியார் வாசலில் பணத்தைக் கொட்டுகிறார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் பல ஊர்களில் இருக்கின்றன. உணவு, உறைவிடம், பயிற்சி எல்லாம் இலவசம். 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்வோர்க்குத் தேர்வுப் போட்டி வைத்து எடுக்கிறார்கள். எந்த ஊர் விடுதியில் எந்த ஆட்டம், தேர்வு என்றைக்கு என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பதற்குக் காசில்லை. நம் தோழரின் மகள் அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு. “பன்னிரண்டு வயசுப் புள்ளைய விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்?” என்றார் துணைவியார். அந்தக் கேள்விக்கு எந்த அரசாணையிலும் விடை இல்லை. தேர்வுக்குப் போய்வரட்டும், கிடைத்தால் அப்போது பேசுவோம் என்று ஒத்திவைத்தோம்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டி நடக்கிறது. 2024ஆம் ஆண்டு மாநில அளவில் தனி ஆட்டத்தில் முதலிடம் பெற்றோர்க்கு 1 லட்சம் ரூபாய். 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. போட்டிக்குப் போகவும் கருவி வாங்கவும் வசதியற்ற வீரர்க்கு உதவுவதே அதன் நோக்கம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு இடமும் உண்டு. ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்க்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குத் தரும் ஏற்பாடும் இருக்கிறது. இவற்றை ஏளனம் செய்ய மாட்டோம். ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு. ஆனால் முதல் படியே தரையிலிருந்து ஆளுயரத்தில் இருந்தால், ஏணி வைத்திருப்பவன் பிள்ளைதானே ஏறும்? மாநிலத்தில் வென்றால் பணம், தேசத்தில் தெரிந்தால் பணம். மாவட்டத்தில் தோற்றுத் தோற்றுக் கற்கிற காலத்துக்குத்தானே பணம் வேண்டும்!

இன்னொன்றையும் இங்கே எழுதியாகவேண்டும். முன்பு மாநிலப் போட்டிக்கும் தேசியப் போட்டிக்கும் செல்லும் வீரர்க்கு ரயில் கட்டணத்தில் சலுகை இருந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். கொரோனா அடங்கிய பின்னும், 2022ஆம் ஆண்டில், முதியோர் சலுகையையும் வீரர் சலுகையையும் மீண்டும் தரும் எண்ணமில்லை என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார்கள். விமானத்தில் பறக்கும் வீரர்க்கு இதனால் ஒரு காசு நட்டமில்லை. இரண்டாம் வகுப்புப் பெட்டியில், மட்டைப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துச் செல்லும் பிள்ளையின் சட்டைப்பையிலிருந்துதான் அந்தச் சேமிப்பு பிடுங்கப்பட்டது. ஒரு பந்தயக் குதிரைக்கு வண்டி வைத்து அழைத்துப்போகும் நாடு, ஓடும் பிள்ளைக்கு அரை டிக்கெட் தர யோசிக்கிறது!

அரசு செய்யட்டும், செய்யும்படி கேட்போம், ஓயாமல் கேட்போம். அதுவரை அந்தப் பெண்ணின் வயது காத்திருக்குமா? 13 வயதுக்குட்பட்டோர் பிரிவு 13 வயதோடு முடிந்துவிடும்.

அந்தக் காலத்தில் நம் தெருக்களில் படிப்பகம் வைத்தார்கள். ஓலைக் கூரை, நாலு நாளேடு, ஒரு பெஞ்சு. பல இடங்களில் அதன் மூலையில் ஒரு கேரம் பலகையும் இருக்கும். ஆளுக்குக் காலணா, அரையணா போட்டு வாங்கிய பலகை. வடசென்னை கேரத்துக்குப் பெயர் வாங்கியது மாளிகையில் ஆடி அல்ல. தெரு முனையில், தொங்கும் ஒற்றை விளக்கின் கீழ், போரிக் பவுடர் தூவி, சுற்றிலும் பத்துப் பேர் நின்று பார்க்க ஆடி. ஒரு பலகை ஒரு தெருவுக்குப் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கொரு பலகை வாங்க முயன்றிருந்தால் ஒரு வீடும் வாங்கியிருக்காது.

இதைச் சொன்னதும் தோழர் பணிபுரியும் பட்டறைப் பக்கத்துத் தொழிற்சங்கச் செயலாளர் ஒரு காரியம் செய்தார். பேசவில்லை, செய்தார். அந்த அகாடமிக்கு வரும் பிள்ளைகளில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஐவர் என்று கண்டுபிடித்தார். ஐந்து பெற்றோரையும் ஒரு ஞாயிறு மாலை உட்காரவைத்தார். ஐவரும் தனித்தனியே சில்லறையில் வாங்கிய பந்தைச் சேர்ந்து மொத்தமாக வாங்கினார்கள். குழலுக்கு இருநூறு ரூபாய் குறைந்தது. சேலத்துக்கு ஐந்து தந்தையர் ஐந்து பேருந்துச் சீட்டு எடுத்து, ஐந்து லாட்ஜில் தங்கி, ஐந்து பேரின் கூலியும் போவானேன்? ஒரு வேன். பெரியவர் இருவர் மட்டும் கூடப் போவது, முறை வைத்து. இரவு தங்க அங்குள்ள தோழர் ஒருவர் தம் வீட்டு மாடியைத் தந்தார். தலைக்கு 5,500 ஆன செலவு 2,300க்கு இறங்கியது. பெண் பிள்ளைகள் இருப்பதால் கூடப் போகும் இருவரில் ஒருவர் தாயாராக இருக்கவேண்டும் என்று துணைவியார் சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

போன மாதம் சேலத்துக்குப் போய்வந்தார்கள். தோழரின் மகள் இரண்டு சுற்று வென்று மூன்றாவதில் தோற்றாள். 21-19 என்று கடைசி ஆட்டம் போனதாம். திரும்பும்போது வேனில் விழுப்புரம்வரை அழுதுகொண்டே வந்தவள், விழுப்புரத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, வென்ற பெண் பின்கையால் எப்படி அடித்தாள் என்று மற்ற நால்வருக்கும் விளக்கிக்கொண்டே அம்பத்தூர் வந்து சேர்ந்தாளாம். கம்மல் துணைவியாரின் காதில்தான் இருக்கிறது. மாமாவுக்குத் தகவல் போயிற்றா என்று கேட்டோம். “அவரு பேரனை ஷட்டில்ல சேர்க்க எவ்வளவு ஆகும்னு கேக்கறாருண்ணே” என்றார் தோழர். பேத்தியும் இருக்கிறாளே அவருக்கு, அவளைப் பற்றிக் கேட்டாரா என்றோம். சிரித்தார்.

நோட்டுக் கணக்கில் இப்போதும் பள்ளம் இருக்கிறது. 900 ஆக இருந்தது 250 ஆகியிருக்கிறது. காலணி அடுத்த மாதம் வாங்கவேண்டும்.

கோவைப் போட்டி வருகிற சனி, ஞாயிறு. தோழருக்கு இந்த முறை விடுப்பு இல்லை. பூப்பந்து முதியவரும், இன்னொரு பிள்ளையின் தாயாரும் கூடப் போகிறார்கள். வெள்ளி இரவு 9 மணிக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பேருந்து நிலையத்தின் எதிரே வேன் நிற்கும். ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஆடுகிற பிள்ளை வைத்திருக்கும் தோழர் யாரேனும் இருந்தால், வியாழனுக்குள் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிடவும்.